உன் வண்டி சீட்டுக்குள் நான் தைத்து வைத்தது

நைனா,

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே உன் போனை என் பக்கம் திருப்பி, கல்யாண பேனர் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். நடுவில் நீயும் ஸ்டெல்லாவும். கீழே வரிசையாக உன் தோஸ்துகள், எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொருத்தன் பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம். பதினெட்டு முகம். நான் இரண்டு தடவை தேடிப் பார்த்தேன். டில்லி இல்லை. "நல்லா கீது நைனா" என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்கப் போனேன். மூன்று வயதிலிருந்து உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன் முகம் இல்லாமல் உன் கல்யாண பேனர் திருவொற்றியூர் ரோட்டில் நிற்கப்போகிறது என்றால், அதற்குக் காரணம் நீயும் இல்லை, அவனும் இல்லை.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன ஆடி மாதம் எண்ணூர் ரோட்டில் உன் கரண்ட் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோனது. நீயும் ஸ்டெல்லாவும் விழுந்தீர்கள். அவள் கை உடைந்தது. டில்லி செய்த வயரிங் கோளாறு என்று நீ தெருவில் வைத்து அவனை அடித்தாய். வயரிங்கில் ஒரு கோளாறும் இல்லை. அந்த வண்டியை நிறுத்தியது நான். வீட்டில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, போனில் ஒரு சிவப்புப் பூட்டுப் படத்தை அழுத்தி நிறுத்தினேன். நீ அவனைத் தெருவில் வைத்துத் திட்டியதால், இந்தக் கடிதத்தை உன் கையில் மட்டும் ரகசியமாகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. ஸ்டெல்லா படிக்கட்டும். நம் பிளாக்கில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

நான் எட்டாவதோடு நின்றவள் என்று உனக்குத் தெரியும். ஏன் நின்றேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. படிப்பு வராமல் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் குரல் வெளியே வராது. பக்கத்தில் இருப்பவள் கிள்ளுவாள், பின்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள், டீச்சர் "வாயில கொழுக்கட்டையா?" என்பார். ஒரு நாள் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, வீட்டில் யாரும் போ என்று சொல்லவில்லை. பதினாலு வயதில் ராயபுரத்தில் ஒரு சீட் கவர் கடையில் சேர்த்துவிட்டார்கள். ரெக்ஸின் வெட்டுவது, பஞ்சுக்கு மேல் இழுத்துத் தைப்பது. மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அந்த வயதில் எனக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. கடைக்காரர் அளவு கேட்டால் வாயால் சொல்லாமல் துணியில் சாக்பீஸால் எழுதிக் காட்டுவேன். இருபது வயதுக்குள் கல்யாணம், நீ, எல்லாம் ஆனது. நீ வளர்ந்ததும் உன்னை என் வாயாக வைத்துக்கொண்டேன். ஆறு வயதில் ரேஷன் கடையில் பாமாயில் ஏன் வரவில்லை என்று நீதான் கேட்டாய். ஆஸ்பத்திரியில் எனக்கு எங்கே வலிக்கிறது என்று டாக்டரிடம் நீதான் சொன்னாய். எல்லாரும் "இன்னா சமத்து" என்று உன் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊரிடம் பேச உன்னை அனுப்பினேன், சரி. உன்னிடம் பேச நான் யாரை அனுப்புவது? அதை யோசிக்கவே இல்லை.

உன் அப்பா இருந்தவரை அவர் பேசினார், நீ பேசினாய், நான் சிரித்தேன். அவருடைய பைக் துறைமுகத்தின் கேட் பக்கத்தில் களவு போனது உனக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு ஆறு மாதம் மனிதர் நடந்தே போய்வந்தார். வழியில் நிற்கிற ஒவ்வொரு வண்டியையும் குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். "தோ பார், அந்த டேங்க்ல கீற நசுங்கல் நம்மளுதுதான்" என்று ஒரு நாள் யாரோ ஒருவர் வண்டியைப் பிடித்து நிறுத்தினார். அவர்கள் இவர் கழுத்தில் கையை வைத்துத் தள்ளினார்கள். உன் அப்பா காலமான பிறகு நீ டெலிவரி வேலைக்காக அந்தக் கரண்ட் வண்டியை எடுத்து வந்து வாசலில் நிறுத்திய அன்றைக்கு, எல்லாரும் மாலை போட்டு எலுமிச்சம்பழம் வைத்தபோது, எனக்கு அந்தக் கழுத்துதான் கண்ணில் தெரிந்தது. இது களவு போகக் கூடாது என்று முடிவு செய்தேன். வண்டி எங்கே இருக்கிறது என்று காட்டுகிற டிராக்கரை வாங்கியதற்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான். பொய் இல்லை. முழுக்க உண்மையும் இல்லை.

எலக்ட்ரானிக் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குத் தனியாகப் போனேன். அங்கே ஒரு சின்னக் கடையில் இருந்த பையன் மேசைமேல் மூன்று டப்பாக்களை வைத்தான். ஒன்று காந்தம் வைத்தது, எங்கே ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும், வாரம் ஒருமுறை எடுத்து சார்ஜ் போட வேண்டும். அது ஆகாது, நீ பார்த்துவிடுவாய். இன்னொன்று வண்டியின் கரண்டிலேயே ஓடும், உள்ளே சிம் கார்டு, போனில் வண்டி இருக்கிற இடம் புள்ளியாகத் தெரியும். மூன்றாவது அதேதான், கூட ஒரு ரிலே. அதாவது சின்னத் தீப்பெட்டி மாதிரி ஒரு சுவிட்ச், அதை வண்டியின் சாவி வயரில் இடையில் வைத்துவிட்டால், நாம் எங்கிருந்து அழுத்தினாலும் வண்டி செத்துவிடும். "மேடம், திருடனை நடு ரோட்டுல நிறுத்தி வெச்சிரலாம்" என்றான். எனக்கு அது பிடித்துப்போனது. பெரிய கம்பெனிப் பொருள்களில் வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும்தான் நிற்கும் என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறதாம். நான் வாங்கியதில் அது இல்லை. இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பையனிடம் இரண்டாவது கேள்வி கேட்டிருக்க மாட்டேன்.

பொருத்துவதற்கு டில்லியிடம்தான் போனேன். வேறு யாரிடம் போவேன்? தேரடிப் பக்கம் அவன் கொட்டகை போட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கரண்ட் வண்டி வேலை தெரிந்தவன் அந்தப் பக்கத்தில் அவன் ஒருத்தன்தான். பெட்ரோல் வண்டிக்காரர்கள் ரிப்பேருக்கு வந்தால் "அண்ணே, புகை வுடுற வண்டிக்கு நான் டாக்டர் இல்ல" என்று விளையாட்டுக் காட்டுவான். உன் வண்டி சர்வீசுக்காக அவனிடம் நின்ற நாளில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனேன். பிரித்துப் பார்த்தான். முகம் மாறிவிட்டது.

"யம்மா, புள்ளி மட்டும் தெரிஞ்சா பத்தாதா? இந்த ரிலே எதுக்கு?"

"திருடன் எடுத்துக்கினு போனா நிறுத்தணுமே."

"எடுத்துக்கினு போனா எங்க கீதுன்னு பாத்து நானே போய் தூக்கியாந்துடறேன். ஓடுற வண்டிய நிறுத்தினா, பின்னாடி கன்டெய்னர் பொட்டி லாரி வந்துகினு இருந்தா இன்னாமா பண்ணுவ?"

"ஓடும்போது நிறுத்த மாட்டேன்டா."

"ஓடுதா நிக்குதான்னு உனக்கு எப்படித் தெரியும்? புள்ளி நின்னா வண்டி நின்னுச்சுனு அர்த்தம் இல்ல. டவர் இல்லாங்காட்டியும் நிக்கும். பொட்டிங்க அடுக்கி வெச்சிருக்கிற பக்கம் போனாலே அது தூங்கிடும்."

இதை அவன் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னான். நான் தலையை ஆட்டினேன். "அவனாண்ட சொல்லாத" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "மச்சிகிட்ட நான் எப்படிமா மறைப்பேன்" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் நின்றே ஒருவரைச் சம்மதிக்க வைப்பது எனக்கு நன்றாகத் தெரியும். உன்னிடமும் அதைத்தான் செய்து வந்திருக்கிறேன்.

எங்கே ஒளித்து வைப்பது என்று இரண்டு பேரும் வண்டியைச் சுற்றி வந்தோம். அடியில் வைத்தால் நம்ம பக்கம் ஒரு மழைக்குத் தாங்காது, உப்புக் காற்றே தின்றுவிடும், திருடனும் முதலில் குனிந்து அங்கேதான் தேடுவான். முன் விளக்குக்குப் பின்னால் வைத்தால் விளக்கு மாற்றும்போது நீ பார்த்துவிடுவாய். இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சிக்னல் எடுக்காது. "பிளாஸ்டிக், பஞ்சு, ரெக்ஸின், இதெல்லாம்னா பிரச்சினை இல்ல" என்று அவன் சொன்னதும் நான் சீட்டைப் பார்த்தேன். என் தொழில் அது. சீட்டைக் கழற்றி, கவரைப் பிரித்து, பஞ்சில் டப்பா அளவுக்குக் குழி வெட்டி, உட்காரும்போது உறுத்தாமல் மேலே ஒரு மெல்லிய பஞ்சு வைத்து, பழைய ஊசித் துளைகளிலேயே நூலை விட்டுத் தைத்தேன். பெட்ரோல் வண்டி பேட்டரி பன்னிரண்டு வோல்ட், உன்னுடையது அறுபது, நேராகக் கொடுத்தால் கருகிவிடும் என்று டில்லி விளக்குக்குப் போகிற கரண்டிலிருந்து, சாவி எடுத்தாலும் நிற்காத இடமாகப் பார்த்து, வயர் இழுத்தான். ரிலேவைச் சாவி வயரில் இணைத்து, சீட்டைத் தூக்கும்போது அறுந்துவிடாமல் வயரில் கொஞ்சம் தளர்வு விட்டான். அவன் வேலை சுத்தமாக இருந்தது. என் தையலும் சுத்தமாக இருந்தது. அன்றைக்கு எனக்கு ரொம்பத் திருப்தி.

ஒரு வாரம் கழித்து, வண்டி இரண்டு நாள் சும்மா நின்றாலே சார்ஜ் குறைகிறது என்று நீ டில்லியிடம் போய்க் கேட்டாய். அது டிராக்கர் குடிக்கிற கரண்ட். அவன் "பேட்டரி கொஞ்சம் வீக்குடா மச்சி" என்றான். எனக்காக அவன் உன்னிடம் சொன்ன முதல் பொய் அது.

களவு பயத்துக்காக வாங்கியதை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்றும் சொல்கிறேன். முதல் பத்து நாள் நீ தூங்கும்போது மட்டும் பார்த்தேன், வண்டி வாசலில் இருக்கிறதா என்று. பிறகு நீ வேலைக்குப் போனதும் பார்த்தேன். வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை. ஒவ்வொரு சந்தாக அந்தப் புள்ளி போய் நின்று கிளம்பும். மெஷினில் ஒரு பக்கம் தைப்பேன், புள்ளியைப் பார்ப்பேன், மறுபக்கம் தைப்பேன். உன்னோடு இருப்பது மாதிரி இருந்தது. நீ வீட்டுக்கு வந்து "இன்னிக்கு செம அலைச்சல்மா" என்று சொன்னால், எங்கெல்லாம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு போடுவேன். முன்பாவது நீ பேச நான் கேட்பேன். அந்தப் புள்ளி வந்த பிறகு நீ சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனது. நீயும் சொல்வதைக் குறைத்துக்கொண்டாய். அம்மாவுக்கு இதில் அக்கறை இல்லை என்று நினைத்திருப்பாய்.

பிறகு அந்தப் புள்ளி எண்ணூர் பக்கம் போக ஆரம்பித்தது. உன் டெலிவரி ஏரியா அது இல்லை. கத்திவாக்கத்தில் ஒரே தெருவில், ஒரே இடத்தில், முக்கால் மணி நேரம் நிற்கும். ஒரு பெண் என்று எனக்கு உடனே புரிந்தது. இங்கேதான் எல்லாரும் தப்பாக நினைத்துக்கொள்வார்கள், அதனால் தெளிவாக எழுதுகிறேன். அவள் யார், எந்த ஆளுங்க, எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று எனக்குக் கோபம் இல்லை. நீ என்னிடம் சொல்லவில்லை என்பதுதான் கோபம். நான் கேட்டேனா என்றால், இல்லை. "எங்கடா போய்ட்டு வர்ற?" என்று மூன்று வார்த்தை. அந்த மூன்று வார்த்தையை நான் ஒரு மாதமாக வாயில் வைத்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம், விளக்கு போடுகிற நேரம். காலையிலேயே "சாயந்திரம் சீக்கிரம் வரேன்மா, சினிமாவுக்குப் போலாம்" என்று சொல்லியிருந்தாய். நான் தலை வாரி, நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தேன். புள்ளி கத்திவாக்கத்தில் நின்றது. கிளம்பியது. நம் பக்கம் வருகிறது என்று பார்த்தால், எதிர்ப் பக்கம் திரும்பிப் போனது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. நின்றே இருந்தது. டீக்கடையிலோ கடற்கரைக் கல்மேலோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் பூட்டை அழுத்தினேன். வண்டி கிளம்பாது, நீ திருப்பித் திருப்பிச் சாவி போட்டுப் பார்ப்பாய், பிறகு எனக்குப் போன் செய்வாய் என்று நினைத்தேன். "யம்மா, வண்டி நின்னுடுச்சு, லேட்டாவும்" என்று சொல்வாய், எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்பேன், நீ சொல்லித்தான் ஆக வேண்டும். இவ்வளவுதான் நைனா. நீ எனக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் அழுத்தினேன்.

புள்ளிதான் நின்றிருந்தது. கன்டெய்னர் அடுக்கிய யார்டு ஓரமாக நீ போய்க்கொண்டிருந்தாய். டில்லி சொன்ன மாதிரியே அது தூங்கிவிட்டிருந்தது. வண்டியின் விளக்கும் இழுப்பும் ஒரே நொடியில் போக, பின்னால் வந்த லாரி ஹாரன் அடிக்க, நீ இடது பக்கம் ஒடித்து மண்ணில் விழுந்தாய் என்று பிறகு தெரிந்தது. நான் கேட்ட போன் வந்தது. "யம்மா, வண்டி நின்னுடுச்சு... ஸ்டெல்லா... யம்மா, கை..." என்று அழுதாய். அவள் பெயரை அப்படித்தான் முதல் தடவை கேட்டேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வரும் வழியில் பூட்டைத் திறந்துவிட்டேன். அதனால்தான் மறுநாள் நீ சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி ஓடியது.

அந்த வண்டியை எடுத்துக்கொண்டு நீ டில்லி கொட்டகைக்குப் போனபோது, வேண்டாம் என்று சொல்லத்தான் பின்னாலேயே வந்தேன். அங்கே நடந்தது உனக்கும் தெரியும். ஆனால் நீ அவன் முகத்தைப் பார்த்தாய், அவன் கண் எங்கே போனது என்று நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். "கடைசியா நீதானடா கை வெச்ச? இன்னா பண்ண?" என்று கேட்டாய். "கனெக்டர் மாத்தினேன்" என்றான். "கனெக்டர் மாத்தினியா, ஆளக் கொல்லப் பாத்தியா? அன்னிக்கே பேட்டரி வீக்குனு கத வுட்ட. இன்னாடா பண்ணி வெச்சிருக்க வண்டிய?" அப்போது அவன் உன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் புடவைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தேன். "என் கையாலதான் ஆயிடுச்சு. வுடுடா மச்சி" என்றான். நீ அறைந்தாய். அங்கே ரிப்பேருக்கு நின்ற இரண்டு வண்டிக்காரர்களும் பேசாமல் தங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அந்த நூல் எப்போதோ வந்துவிட்டது. நான் குனிந்த தலையை எடுக்கவில்லை.

மறுநாள் நீ ஸ்டெல்லாவோடு ஆஸ்பத்திரியில் இருந்த நேரம் பார்த்து டில்லி வீட்டுக்கு வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. ரிலேவைக் கழற்றினான், என்னைச் சீட்டைப் பிரிக்கச் சொல்லி டிராக்கரை எடுத்தான். நான் மறுபடி தைத்தேன். "நான் சொல்ல மாட்டேன். நீயா சொல்லிடுமா. அந்தப் பொண்ணு கை சரியாவட்டும், அப்பால சொல்லு" என்றான். கட்டுப் பிரித்தார்கள், சொல்லவில்லை. மணிக்கட்டு முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொன்னார், அன்றைக்கு எப்படிச் சொல்வது என்று விட்டேன். ஸ்டெல்லா வீட்டில் பேசி முடித்தார்கள், சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டேன். ஸ்டெல்லா முதல் தடவை நம் வீட்டுக்கு வந்து, தேங்காய் துருவ முடியாமல் துருவியைத் தள்ளி வைத்துவிட்டு, "அத்தை, உங்க புள்ள வண்டியில ஏறணும்னா மொதல்ல இன்சூரன்ஸ் எடுத்துக்கினுதான் ஏறணும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அதற்குள் டில்லி கொட்டகை காலியாகிவிட்டது. ஓடுகிற வண்டியை ரோட்டில் சாகடித்த மெக்கானிக்கிடம் யார் வண்டி விடுவார்கள்?

ஸ்டெல்லா, இதை நீயும் படிப்பாய் என்று எழுதுகிறேன். உன் கை திரும்பாமல் போனதற்கு நான் காரணம். உன்னை எனக்கு அப்போது தெரியாது என்பது ஒரு சமாதானம் ஆகாது. அவனோடு ஒருத்தி இருப்பாள் என்று தெரிந்துதான் அழுத்தினேன். மன்னித்துவிடு என்று எழுதினால் நீ நல்ல பெண் என்பதால் மன்னித்தும் விடுவாய். அதனால் கேட்கவில்லை.

நைனா, நீ புது வண்டி வாங்கப் போகிறாய். டிராக்கர் வைக்காதே என்று சொல்ல மாட்டேன். வை. திருட்டு நடக்கிற ஊரில் அது தேவைதான். வண்டியைத் தூரத்திலிருந்து நிறுத்துகிற ரிலே மட்டும் வேண்டாம், எவன் எவ்வளவு நல்லது என்று சொன்னாலும் வேண்டாம். வைத்ததை வண்டி ஓட்டுகிறவருக்குச் சொல்லிவிட்டு வை. நாளைக்கு ஸ்டெல்லா ஓட்டினாலும், உனக்குப் பிறக்கிற பிள்ளை ஓட்டினாலும் சொல். புள்ளியைப் பார்க்கத் தோன்றும்போதெல்லாம் போன் போட்டு "எங்க கீற?" என்று கேள். பொய் சொன்னால் சொல்லட்டும். பொய் சொல்கிறவனோடுகூடச் சண்டை போட்டுச் சரியாகிவிடலாம். கேட்காமலே எல்லாம் தெரிந்துகொண்டவளோடு உன்னால் சண்டைகூடப் போட முடியவில்லையே.

செவ்வாய்க்கிழமை மணலி புதுநகருக்குப் போனேன். டில்லி இப்போது தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி வசந்திதான் கதவைத் திறந்தாள். "வாங்க. பத்திரிகை வைக்க வந்தீங்களா?" என்றாள். என் கையில் பத்திரிகை இல்லை என்று அவளுக்குத் தெரியும். டில்லி ஈரக் கையோடு வந்து நாற்காலி போட்டான். இன்னும் நான் சொல்லவில்லை என்று சொன்னேன். "கல்யாணம் முடியட்டும்மா. இந்நேரத்துல எதுக்கு? அப்பால சொல்லிக்கலாம்" என்றான். எனக்கு உடம்பே லேசானது, வெட்கமில்லாமல். வசந்திதான் விடவில்லை.

"கல்யாணம் முடிஞ்சா சீமந்தம் வரும். சீமந்தம் முடிஞ்சா தொட்டில் போடுவீங்க. உங்க வூட்டு விசேஷமெல்லாம் எப்ப முடியறது, இந்தாளு எப்ப தலைய நிமுர்றது?"

"சும்மா இரு வசந்தி."

"நீ சும்மா இருந்து கிழிச்சது போதும். இவங்க சும்மா இருந்தது அதவிட."

நான் எழுந்து வந்துவிட்டேன். டீ போட்டிருந்தாள், குடிக்காமல் வந்தேன்.

இன்று காலை பதினோரு மணிக்குத் தேரடிக்குப் போனேன். டில்லி கொட்டகை இருந்த இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. பத்துப் பதினைந்து ஆம்பிளைகள். உள்ளே போய் நின்று, "டில்லி வேலையில தப்பு இல்ல. அன்னிக்கு வண்டிய நிறுத்தினது நான்" என்றேன். ஒருவரும் திரும்பவில்லை. மாஸ்டர்தான் ஆற்றிக்கொண்டே, "இன்னாமா, வாய்க்குள்ளயே பேசிக்கினு கீற? டீயா காபியா?" என்றார். ஓடிவிடலாம் போலிருந்தது. இரண்டாவது தடவை கத்தினேன். என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆற்றுவது நின்றது. எப்படி நிறுத்தினேன், எதற்கு நிறுத்தினேன், டில்லி எத்தனை தடவை வேண்டாம் என்று சொன்னான் என்று எல்லாம் சொன்னேன். அன்றைக்குத் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் அங்கே இருந்தார். "ஒரு வருசம் சோறு எப்படிமா எறங்குச்சு?" என்றார். பிறகு, "உன் புள்ளைக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். "நல்ல ஆளுமா நீ. ஊருக்குச் சொல்லிட்ட, போய் அவனாண்ட சொல்லு" என்றார். அவர் சொன்னது சரி. உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வதுகூட உன் முகத்தைப் பார்த்துச் சொல்வதைவிட எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. இதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்.

உனக்கு வேலை ஆறு மணிக்கு முடிகிறது. அதற்குள் யாராவது போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். வந்ததும் என்னைத் திட்டு. மேடையில் எனக்கு நாற்காலி போடுவதா வேண்டாமா என்பதை நீயும் ஸ்டெல்லாவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், எதுவானாலும் சரி. அதெல்லாம் அப்புறம். முதலில் மணலி புதுநகருக்குப் போ. விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், ஏழு மணிக்குமேல் அவன் வீட்டில் இருப்பான். நான் கூட வர மாட்டேன். வந்தால், என் முகத்தைப் பார்த்ததும் அவன் மறுபடியும் எனக்காகப் பேச ஆரம்பித்துவிடுவான்.

அம்மா